கலைச்சொல் விவாதம்: மூன்றே வாரத்தில் முற்றிவிடும் வறட்சிக்கு என்ன பெயர்?

மடல் 1
பொருள்: ‘ஃப்ளாஷ் ட்ராட்’ தமிழில்

அனைவருக்கும் வணக்கம்.

வறட்சி குறித்த சொற்பட்டியலில் வானிலை வறட்சி, வேளாண் வறட்சி, நீரியல் வறட்சி மூன்றுக்கும் சிக்கல் இல்லை. பத்தாண்டுக்கு மேல் நீள்வதை, சிலி நாட்டின் நடுப்பகுதியில் 2010 முதல் தொடர்ந்ததைப் போன்றவற்றை, ‘நெடுவறட்சி’ என்று எழுதிக்கொண்டோம். அதற்கு எதிர்முனையில் நிற்கும், சில வாரங்களிலேயே முற்றிவிடும் ‘ஃப்ளாஷ் ட்ராட்’டுக்கு (flash drought) வரைவில் ‘திடீர் வறட்சி’ என்று போட்டிருக்கிறேன். ‘ஃப்ளாஷ் ஃப்ளட்’ திடீர் வெள்ளம் என்று நிலைத்துவிட்டதால் அதே வழியில் போனேன். நாளேடுகளிலும் இது கண்ணில் படுகிறது. இதையே உறுதி செய்துவிடலாமா?

மடல் 2
பொருள்: மறு: ‘ஃப்ளாஷ் ட்ராட்’ தமிழில்

> திடீர் வெள்ளம் என்று நிலைத்துவிட்டதால் அதே வழியில் போனேன்

அந்த வழியில்தான் குழி இருக்கிறது. திடீர் வெள்ளம் மழை கொட்டி ஆறு மணி நேரத்துக்குள் வருவது. இந்த வறட்சி முற்ற இரண்டு வாரம் முதல் ஆறு வாரம் வரை எடுத்துக்கொள்கிறது. ‘திடீர்’ என்றால் முன்னறிகுறியே இல்லாதது என்றாகிவிடும். மண்ணீரத்தை நாள்தோறும் அளப்பவருக்கு இது கண்ணெதிரே இறங்கிவரும் கோடு.

2000களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு இரண்டு கட்சி ஆயிற்று. சில நாட்களே நீடித்துப் போவதை இப்படி அழைக்கலாம் என்றது ஒன்று. எவ்வளவு காலம் நீடித்தாலும் சரி, எவ்வளவு வேகமாக முற்றியது என்பதே அளவுகோல் என்றது மற்றொன்று. இப்போது பெரும்பாலோர் இரண்டாவதன் பக்கம். பரவலாகக் கையாளப்படும் ஒரு வரையறை இது: வேர் மண்டலத்தின் ஈரம் அந்த இடத்தின் நெடுங்காலப் பதிவில் 40ஆம் நூற்றுமானத்துக்கு மேல் இருந்து, 20 நாட்களுக்குள் 20ஆம் நூற்றுமானத்துக்குக் கீழே இறங்க வேண்டும் (40ஆம் நூற்றுமானம் என்றால், பதிவிலுள்ள அளவுகளில் நூற்றுக்கு 40 அதைவிடக் குறைவு). இன்னொன்று, டி0 முதல் டி4 வரை படிகள் கொண்ட அமெரிக்க வறட்சிக் கண்காணிப்பு வரைபடத்தில் இரண்டே வாரத்தில் இரண்டு படி மோசமாதல். இரண்டிலும் அளக்கப்படுவது வேகம். ஆகவே ‘குறுவறட்சி’ என்று யாராவது சொல்லுமுன் அதையும் இங்கேயே கழித்துவிடுகிறேன். 2012இல் அமெரிக்க நடுச்சமவெளியில் சில வாரங்களில் மூண்டது, பல பகுதிகளில் 2013 வரை நின்றது. வேகமாக வந்தது வேகமாகப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வேகம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல் தேர்வுக்கு அது உதவும். மழை நின்றால் மட்டும் இது நடக்காது. காற்று எவ்வளவு நீரை இழுக்கிறது என்பதே பாதி கதை. 25 பாகை வெப்பத்தில் காற்று நிறைவுற 3.17 கிலோபாஸ்கல் ஆவியழுத்தம் வேண்டும். ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால் பற்றாக்குறை 1.27. வெப்பம் 35 பாகைக்கு ஏறி ஈரப்பதம் 30க்கு இறங்கினால் நிறைவழுத்தம் 5.62, பற்றாக்குறை 3.93. வெப்பம் ஏறியது பத்துப் பாகை, இழுப்பு மூன்று மடங்கு. வெயிலும் காற்றும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

இதை மண்ணில் வைத்துப் பாருங்கள். வண்டல் கலந்த நல்ல மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 150 மி.மீ. நீரைப் பயிருக்குக் கொடுக்கும். வேர் 60 செ.மீ. போயிருந்தால் 90 மி.மீ. அதில் பாதி தீரும்வரை பயிர் பெரிதாகத் தவிக்காது. ஆக, கையிருப்பு 45 மி.மீ. ஆவியுயிர்ப்பு, அதாவது மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் சேர்ந்து போகும் நீர், நாளுக்கு 5 மி.மீ. என்றால் ஒன்பது நாள் தாங்கும். 8 மி.மீ. என்றால் ஐந்தரை நாள். அதன்பின் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். நீரை ஆவியாக்கச் செலவான வெயில் இப்போது தரையையும் காற்றையும் சூடாக்கும். சூடான காற்று மேலும் இழுக்கும். தன்னைத் தானே ஊதிக்கொள்ளும் அடுப்பு.

மடல் 3
பொருள்: மறு: மறு: ‘ஃப்ளாஷ் ட்ராட்’ தமிழில்

முந்தைய மடலில் நீரியலார் ஐயா சொன்னதை ஒரு வரியில் சுருக்கினால், நமக்கு வேண்டியது விரைவைச் சொல்லும் அடை. குறுமையையும் எதிர்பாராமையையும் சொல்வன வேண்டாம்.

கையில் இருப்பவற்றைத் தட்டிப் பார்ப்போம்.

‘மின்னல் வறட்சி’: ஸ்பானியத்தில் இந்தப் போக்கு உண்டு. தமிழில் மின்னலுக்குப் பின்னால் மழை வரும். வறட்சிக்குப் பெயராக வைத்தால் விவசாயி சிரிப்பார்.

‘கடுவறட்சி’: ‘கடு’வுக்கு விரைவு என்ற பொருளும் உண்டு, கடுகி வந்தான் என்கிறோம். ஆனால் இன்று கடும் வறட்சி என்றால் தீவிரம். வறட்சிப் படிநிலைகளில் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

‘விரைவறட்சி’: இலக்கணத்தில் பிழையில்லை, வினைத்தொகை. எழுதிப் பார்த்தால் கண் ‘விரைவ’ என்று வெட்டிப் படிக்கிறது. விரைக்கு விதை என்ற பொருளும் இருப்பதால், வேளாண் நூலுக்குள் ‘விதைத் தட்டுப்பாடு’ என்று ஒருவர் புரிந்துகொண்டால் குற்றம் சொல்ல முடியாது.

‘விரைவாட்டம்’: வாட்டம் அழகான சொல், பயிரோடு ஒட்டியது. ஆனால் சேர்த்து எழுதினால் விரைவு ஆட்டம். மட்டைப்பந்து வருணனைக்குக் கொடுத்துவிடலாம்.

என் முன்மொழிவு: முடுகு வறட்சி.

முடுகுதல் என்றால் விரைந்து செல்லுதல், நெருங்கி வருதல். யாப்பில் முடுகு வண்ணம், முடுகு வெண்பா என்று விரைந்தோடும் நடைக்கு இதே சொல். பள்ளி இயற்பியலில் ‘முடுக்கம்’ படித்த எவருக்கும் வேகம் மனத்தில் படும். வல்லினம் மிகுமா என்ற தொல்லை இல்லை. பன்மை, வேற்றுமை, பெயரடை எல்லாம் தடங்கலின்றி வரும்: முடுகு வறட்சிகள், முடுகு வறட்சியால், முடுகு வறட்சிக் குறியீடு. சீனர்கள் இதற்கு எடுத்துக்கொண்ட எழுத்தின் இடப்பக்கத்தில் ஒரு குதிரை நிற்கிறது. குதிரை விரைந்தோடுவது மூலப்பொருள், ‘திடீரென’ என்பது பின்னால் வந்த பொருள். நாமும் ஓட்டத்தையே பிடித்துக்கொள்வோம்.

மடல் 4
பொருள்: மறு: முடுகு வறட்சி?

பயிரியல் பக்கத்திலிருந்து ஒரு முறையீடு. சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது முதலில் போய்ச் சேர வேண்டியது எச்சரிக்கைச் செய்தியில். அங்கே படிப்பவருக்கு முடிவெடுக்க ஒரு வாரம்தான் இருக்கிறது. அகராதியைப் புரட்ட நேரமில்லை.

அந்த ஒரு வாரம் ஏன் முக்கியம் என்பதற்கு 2012 போதும். அந்த மே மாதத்தில் அமெரிக்க வேளாண் துறை மக்காச்சோளம் ஏக்கருக்கு 166 புஷல் விளையும் என்று கணித்தது. கிடைத்தது சுமார் 123. ஹெக்டேருக்கு 10.4 டன்னிலிருந்து 7.7 டன். பெண்கதிரில் நூல் வெளிவரும் காலத்தை ஒட்டிய இரண்டு வாரம் மக்காச்சோளத்துக்கு உயிர்நிலை. அப்போது நீர் குறைந்தால் நூல் தாமதமாக வெளிவரும், அதற்குள் ஆண்பூவின் மகரந்தம் உதிர்ந்து தீர்ந்திருக்கும். பின்னால் எவ்வளவு மழை பெய்தாலும் காலியான கதிரில் மணி வைக்காது. பருவகால முன்கணிப்புகளும் அந்த ஆண்டு இதைக் காட்டவில்லை.

மெதுவான வறட்சிக்கு வகுத்த நடைமுறைகள் இங்கே வழுக்குகின்றன. மூன்று மாத மழைக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மழை மட்டுமே தெரியும், காற்று இழுப்பது தெரியாது. முதல் இரண்டு மாதம் நன்றாகப் பெய்து மூன்றாம் மாதம் மண் சுட்டுப் போனாலும் குறியீடு ‘இயல்பு’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இந்தியாவின் 2016 வறட்சி மேலாண்மைக் கையேடு மழைக்குறைவில் தொடங்கி, பயிர், செயற்கைக்கோள், மண்ணீரம், நீர்நிலை என்று படிப்படியாகச் சரிபார்த்து, மழைக்காலச் சாகுபடியான காரிப் பருவத்துக்கு அக்டோபர் 30க்குள் அறிவிக்கச் சொல்கிறது. நிவாரணத்துக்கு அது பொருந்தும். ஆகஸ்டில் பருவமழை இடையில் நின்று மூன்று வாரத்தில் காய்ந்த வயலைக் காப்பாற்ற அந்தத் தேதி உதவாது. அமெரிக்காவில் 2014 வேளாண் சட்டப்படி மேய்ச்சல் இழப்பீட்டுக்கு அந்த வரைபடத்தின் ‘டி2’ (கடும் வறட்சி) நிலை எட்டு வாரம் தொடர்ந்து இருக்க வேண்டும் என்றார்கள். அதற்கு அடுத்த படியான ‘டி3’ வந்துவிட்டால் அந்தக் காத்திருப்பு இல்லை. வேகமாக முற்றுவது அந்த இரண்டாம் வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

வயலில் செய்ய வேண்டியது: 20 செ.மீ., 40 செ.மீ. ஆழங்களில் ஈர உணரிகள். மேலது இறங்குவது வழக்கம்தான், கீழது சரியத் தொடங்கினால் எச்சரிக்கை. பாசனம் உள்ளவர்கள் வெப்பம் ஏறும் என்ற முன்னறிவிப்பு வந்த உடனே வேர் மண்டலத்தை நிறைத்துக்கொள்ள வேண்டும். வாடிய பிறகு ஊற்றும் நீர் பயிரை மீட்க அதிகம் செலவாகும். மேலுரமாகத் தழைச்சத்து இடவிருந்தால் நிறுத்திவையுங்கள். மணி பிடிக்காது என்று தெரிந்துவிட்ட மக்காச்சோளத்தைத் தீவனத்துக்கு வெட்டலாம். ஆனால் வறட்சியில் நைட்ரேட் தண்டின் அடியில் தங்கும், 20 செ.மீ.க்குக் குறையாமல் அடித்தண்டை விட்டு வெட்டவும். மழை பெய்த உடனே வெட்டக் கூடாது, வேர் மறுபடி நைட்ரேட்டை உறிஞ்சியிருக்கும். பச்சையாகக் கொடுப்பதைவிடக் குழியிலிட்டு நொதிக்கவைத்த தீவனத்தில் நைட்ரேட் குறையும். அப்போதும் பரிசோதித்த பிறகே மாட்டுக்கு.

ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன், இதில் பலர் ஏமாறுகிறார்கள். களிமண் காய்ந்து வெடிக்கும்போது உணரிக்கும் மண்ணுக்கும் இடையே காற்று புகுந்துவிடும். அளவு ஒரே நாளில் தலைகுப்புற விழும். அது வறட்சி முடுகியது அல்ல, தொடர்பு அறுந்தது. மண் நீரைப் பிடித்திருக்கும் இழுப்பை அளக்கும் நீர்க்குழாய் வகை இழுவிசைமானி சுமார் 80 கிலோபாஸ்கலுக்கு மேல் குழாயில் காற்று புகுந்து பூச்சியத்துக்கு வந்துவிடும். பார்ப்பவருக்கு மண் ஈரமாக இருப்பதுபோல் தெரியும், இது இன்னும் ஆபத்து.

ஆகவே என் வாக்கு: எச்சரிக்கையில் ‘திடீர் வறட்சி’ இருக்கட்டும்.

மடல் 5
பொருள்: மறு: மறு: முடுகு வறட்சி?

கணக்குப் பக்கத்திலிருந்து ஒரு குட்டு. முடுக்கம் என்பது வேகம் மாறும் வீதம். இங்கே வரையறை கேட்பது ஈரம் குறையும் வீதம் மட்டுமே. சொல்லப்போனால் மண்ணீரக் கோடு முதலில் செங்குத்தாக விழுந்து, பயிர் தவிக்கத் தொடங்கியதும் தட்டையாகிறது. எடுக்க நீர் குறைவு, எடுக்கும் வேகமும் குறைவு. அதாவது மண்ணீரம் முடுகவில்லை, தணிகிறது! இந்தச் சொல்லை வைத்தால் மாணவர் இரண்டாம் வகைக்கெழுவைத் தேடுவார்.

மடல் 6
பொருள்: மறு: மறு: முடுகு வறட்சி?

> மண்ணீரம் முடுகவில்லை, தணிகிறது!

கோட்டைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் நாம் வைப்பது ‘முடுக்க வறட்சி’ அல்ல. முடுகு என்ற வினை இயற்பியலுக்கு முந்தியது, அதன் பொருள் விரைதல். இயற்பியல்தான் பின்னால் அதன் வழியில் ‘முடுக்கம்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. குழப்பம் வரக்கூடும் என்பதால் வரையறையிலேயே ‘வேகம்’ என்று எழுதிவிடலாம்.

பயிரியலாரின் முறையீட்டில் பாதியை ஏற்கிறேன். ஆனால் ‘திடீர்’ என்று அறிவித்தால் அது பொறுப்பானவருக்கும் ஒரு சாக்கு ஆகிவிடும்: திடீரென வந்தது, என்ன செய்ய? 2022 கோடையில் சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டு வெப்பத்தில் போயாங் ஏரி சுருங்கியது. மின்சாரத்துக்குப் பெரும்பாலும் நீரையே நம்பிய சிச்சுவான் மாகாணத்தில் ஆறு வற்றிய அதே நாட்களில் குளிர்சாதனங்களின் மின்தேவை உச்சத்துக்கு ஏறியது. ஆலைகளுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. வாரக்கணக்கில் முற்றிய ஒன்று அது. அணையில் எவ்வளவு நீரைக் காத்து வைப்பது, எந்த ஆலையை முதலில் குறைப்பது என்று முடிவெடுக்க இடம் இருந்த காலம்.

எச்சரிக்கைக்கு ஒரு வரி போதும்: ‘வறட்சி வேகமாக முற்றுகிறது’. முற்றுதல் எல்லோருக்கும் தெரியும். காய் முற்றும், நோய் முற்றும், சண்டையும் முற்றும். அதைச் செய்தியில் வினையாக வைப்போம், சொற்பட்டியலில் பெயராக முடுகு வறட்சியை வைப்போம். பதிவு இப்படி:

முடுகு வறட்சி: மழைக்குறைவுடன் உயர்வெப்பம், உலர்காற்று, கடும் வெயில் ஆகியன சேர்வதால் வேர் மண்டல ஈரம் சில வாரங்களுக்குள் இயல்பிலிருந்து வறட்சி நிலைக்கு இறங்குவது. முற்றும் வேகத்தைக் குறிக்கும். நீடிக்கும் காலத்தைக் குறிக்காது. ஒப்பிடுக: நெடுவறட்சி. வழக்கு: திடீர் வறட்சி.

மடல் 7
பொருள்: மறு: மறு: முடுகு வறட்சி?

கணக்குப் பக்கம் வாபஸ். வரையறையில் ‘வேகம்’ இருக்கும்வரை மறுப்பில்லை.

பயிரியலாருக்கும் இது போதும் என்று நினைக்கிறேன். ‘வழக்கு: திடீர் வறட்சி’ என்று பதிவில் இருப்பதால், தேடுபவர் எந்தச் சொல்லில் தேடினாலும் வந்து சேர்வார்.

மீதி ஒன்று இருக்கிறது. வரையறையில் ‘உலர்காற்று’ என்று சமாளித்திருக்கிறோம். காற்று நீரை இழுக்கும் ஆற்றலுக்கே தனிச்சொல் வேண்டும், அதை வைத்து இரண்டு வாரம் முன்பே எச்சரிக்கும் குறியீடே இருக்கிறது. ‘ஆவியாதல் தேவை’ என்று மொழிபெயர்த்தால் யாருடைய தேவை என்று புரியவில்லை. வரைவில் ஒருவர் ‘ஆவி வேட்கை’ என்று எழுதியிருக்கிறார். அது பேய்க்கதைத் தலைப்பு, தயவுசெய்து வேண்டாம். நீர்வேட்கை என்றால் தாகம். ‘வளி நீர்வேட்கை’ என்று தொடங்கிப் பார்க்கலாமா? புதிய இழையில் எழுதுங்கள், இதில் கலக்க வேண்டாம்.