மறு: அட்ஜெக்டிவல் ஃபிரேஸ் – ‘பெயர்கொள் தொடர்’ எனலாமா?

வணக்கம் ஐயா,

ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லை விளக்கி வரும் தொடரை ‘அட்ஜெக்டிவல் ஃபிரேஸ்’ என்கிறோம். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு நீங்கள் எழுதியது:

> ‘பெயருரிச்சொற்றொடர்’ என்றே வைத்துவிடலாம். பழைய சொல், எல்லாருக்கும் பழக்கமானது.

நானும் அந்தச் சொல்லைப் படித்து வந்தவள்தான். ஆனாலும் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. ‘உறு, தவ, நனி’ மூன்றும் மிகுதிப் பொருள் தரும் என்கிறது தொல்காப்பிய உரியியல். அவை பெயரோடும் சேரும், வினையோடும் சேரும்: ‘நனிபேதை’, ‘நனி வருந்தினான்’. அப்படிப்பட்ட உரிச்சொல்லைப் ‘பெயருரிச்சொல்’ என்று அட்ஜெக்டிவுக்குள் அடைத்ததே இடறல். அதற்கு மேல் ஒரு தொடரையும் ஏற்ற வேண்டுமா?

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பத்தாம் தரத்துக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ‘த வுமன் வித் எ பாஸ்கட்’ என்பதைக் ‘கூடை சுமந்த பெண்’ என்று சரியாகச் சொன்ன பிள்ளை, தானாக எழுதும்போது ‘வித் எ பாஸ்கட் வுமன்’ என்று எழுதுகிறாள். தமிழில் அடை எப்போதும் பெயருக்கு முன்னேதான் வரும். அவள் காது அதற்குப் பழகியது. ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் பெரும்பாலும் முன்னே நிற்கும், இப்படிப்பட்ட தொடர் பெயருக்குப் பின்னே போய்விடும். அதோடு, ‘வித் எ பாஸ்கட்’டில் அட்ஜெக்டிவ் என்று ஒரு சொல்கூட இல்லை. இல்லாத உரிச்சொல்லைப் பெயரில் வைத்தால் பிள்ளைகள் அதைத்தான் தேடுவார்கள்.

‘த லீஃப் பிளக்ட் யெஸ்டர்டே வோஸ் பேட்.’ இதில் பாதி வகுப்பு தடுக்கி விழுந்தது. ‘பிளக்ட்’டை வினைமுற்றாக எடுத்து, “கொழுந்து நேற்றுப் பறித்தது” என்றார்கள். தமிழில் ‘பறித்த’, ‘பறித்தது’ என்று ஈறே காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உருவம். “நேற்றுப் பறித்த கொழுந்து என்று சொல்லிப் பாருங்கள், இது நம்முடைய பெயரெச்சம்” என்றதும் முகங்கள் தெளிந்தன.

என் சொல் அங்கிருந்துதான் வந்தது. பெயரெச்சம் பெயர் கொண்டு முடியும் என்று படித்திருக்கிறோம்; ‘பறித்த’ என்பது ‘கொழுந்து’ என்ற பெயரைக் கொண்டு நிறைவடைகிறது. அட்ஜெக்டிவல் ஃபிரேஸ் ‘பெயர்கொள் தொடர்’ ஆகட்டும்; வினையை விளக்கும் அட்வேர்பியல் ஃபிரேஸ் ‘வினைகொள் தொடர்’ ஆகட்டும். ‘த வாட்ச்சர் சேஸ்ட் த பாய் வித் எ ஸ்டிக்’ என்ற வாக்கியத்தில் தடி யாரிடம் இருக்கிறது? வாட்ச்சர் தடியோடு துரத்தினார் என்றால் வினைகொள் தொடர். தடி வைத்திருந்த பையனைத் துரத்தினார் என்றால் பெயர்கொள் தொடர். “எதைக் கொள்கிறது?” என்ற ஒரு கேள்வி போதும்.

‘வெரி ஸ்டீப்’, ‘ஃபுல் ஒஃப் லீவ்ஸ்’ போல அட்ஜெக்டிவே முதன்மைச் சொல்லாக நிற்பவற்றுக்குப் ‘பெயரடைத் தொடர்’ என்ற சொல்லைத் தனியே வைக்க வேண்டும். ‘த பாஸ்கட் இஸ் ஃபுல் ஒஃப் லீவ்ஸ்’ என்னும்போது அது பயனிலைப் பக்கம் நிற்கிறது, பெயரை ஒட்டி அடையாக வரவில்லை. எதனால் ஆனது என்பதற்கு ஒரு பெயர், என்ன வேலை செய்கிறது என்பதற்கு இன்னொரு பெயர். இரண்டையும் ஒன்றாக்கினால் மறுபடி குழப்பம்தான்.

அன்புடன்,
அட்டனிலிருந்து

—

டீச்சர், வணக்கம்.

வினைகொள் தொடரை மனமார ஏற்கிறேன். பெயர்கொள் தொடரில் ஒரு தயக்கம். ‘கொண்டு முடிதல்’ என்றால் பெயர் பின்னால் வர வேண்டும். ஆங்கிலத்தில் அது முன்னாலேயே வந்துவிடுகிறதே. ‘பெயர்தழுவு தொடர்’ என்றால் முன், பின் என்ற சிக்கல் இராது.

பதுளையிலிருந்து

—

ஐயா,

‘முடி’யை விட்டுவிட்டுக் ‘கொள்’ளை மட்டும் எடுத்தது அதற்காகத்தான். கொள்வது முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம். ‘தழுவு’ அழகான சொல்; ஆனால் “எதைத் தழுவுகிறது?” என்று பத்தாம் தரத்தில் கேட்டால் வகுப்பே சிரித்துக் கலைந்துவிடும். இந்தத் தவணை முழுக்கப் பெயர்கொள் தொடரையே கரும்பலகையில் எழுதப்போகிறேன். உங்கள் வகுப்பில் ‘தழுவு’வை எழுதிப் பாருங்கள். தவணை முடிய இரண்டு வகுப்புகளின் கட்டுரைக் கொப்பிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.