பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி எடுத்தவர்களே, வகுப்பில் யாரையெல்லாம் சந்தித்தீர்கள்?

கிழக்கு லண்டன்வாசி:

பி.எட். எங்கே படிக்கலாம், டெட் எப்படி எழுதலாம் என்று கேட்டால் பத்து நிமிடத்தில் நூறு பேர் பதில் சொல்வார்கள். வயது வந்தவர்களுக்குப் பாடம் எடுக்கப் பழகுவதைப் பற்றி மட்டும் யாரும் வாயே திறப்பதில்லை. நான் ஆரம்பிக்கிறேன், நீங்களும் வாருங்கள்.

திருச்சியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் நான். இங்கிலாந்து வந்தபிறகு ஆசிரியை ஆனேன், பள்ளிக்கூடத்தில் இல்லை. இங்கே 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் போகும் ஃபர்தர் எஜுகேஷன் கல்லூரிகள் என்று ஒரு தனி உலகம் இருக்கிறது. குழாய் வேலை, முடி அலங்காரம், சமையல், கணக்கு, குடியேறி வந்தவர்களுக்கு ஆங்கிலம் எல்லாம் ஒரே கட்டடத்தில் நடக்கும். அங்கே ஆசிரியராக இருக்கத் தகுதிச் சான்று கட்டாயம் என்று 2007-ல் விதி போட்டார்கள். 2013-ல் அதை எடுத்தும் விட்டார்கள். ஆனாலும் கல்லூரிகள் சும்மா விடுவதில்லை. சேர்ந்தபிறகாவது படி என்பார்கள். நான் முதலில் லெவல் 3 அவார்ட் என்ற சின்னப் படிப்பு, அப்புறம் லெவல் 5 டிப்ளமோ என்று போனேன். டிப்ளமோவுக்கு 100 மணி நேரம் உண்மையான வகுப்பு எடுக்க வேண்டும். 8 முறை யாராவது வந்து பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். இப்போது அந்த டிப்ளமோவுக்குப் பதில் வேறொன்று வந்திருக்கிறது.

முதல் படிப்பில் ஒரு சடங்கு உண்டு. கூடப் படிப்பவர்களையே மாணவர்களாக உட்கார வைத்து 15 நிமிடப் பாடம் எடுக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒரு குழாய் வேலைக்காரர், ஒரு கேக் மாஸ்டர், நகம் அழகு செய்யும் ஒரு பெண், நான், இன்னும் சிலர். எங்களில் பாதிப் பேர் பவர்பாயிண்டோடு மல்லுக்கட்டினோம். குழாய்க்காரர் ஒன்றும் கொண்டுவரவில்லை போலத் தெரிந்தது. முறை வந்ததும் பையிலிருந்து 15 மி.மீ. செம்புக் குழாய்த் துண்டுகளை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். குழாய் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு நீள ஸ்பிரிங்கைச் செருகி, முட்டியில் வைத்து வளைக்கச் சொன்னார். வளைத்தோம். ஸ்பிரிங் உள்ளே மாட்டிக்கொண்டது. எல்லாருக்கும்தான். அவர் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் எங்களை இழுக்க விட்டார். அப்புறம் ஒரு குழாயை வாங்கி, தேவைக்கு மேல் ஒரு நூல் அதிகமாக வளைத்து, லேசாகத் திருப்பி நிமிர்த்தி, ஸ்பிரிங்கின் நுனியை முறுக்கினார். வழுக்கிக்கொண்டு வந்தது. கைதட்டினோம்.

கற்றல் எப்படி நடக்கிறது என்று எழுதிய அறிஞர்கள் என்று நான் பிறகு படித்த நோல்ஸ், கோல்ப் எல்லாம் (கட்டுரையில் இந்தப் பெயர்கள் வராவிட்டால் மார்க் வராது) அந்தப் பதினைந்து நிமிடத்தில் அடங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம். பெரியவர்கள் எதற்காகக் கற்கிறோம் என்று தெரிந்தால்தான் கற்பார்கள் என்பது நோல்ஸ் சொன்னது. ஸ்பிரிங் மாட்டிக்கொண்ட கணத்தில் எங்களுக்கு அது தெரிந்துவிட்டது.

இன்னொருவர், என் வகுப்பைப் பார்க்க வந்த மேற்பார்வை அம்மா. நான் எடுப்பது ஈசால், அதாவது ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான வகுப்பு. அன்றைக்கு என்ட்ரி 1, தொடக்கநிலை. அவர் பின்னால் உட்கார்ந்து மேசைகளைக் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டார். யார் வாய் திறந்தாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. வகுப்பு முடிந்து தாளைக் காட்டினார். அதிகக் கோடு விழுந்திருந்தது மூலையில் இருந்த சோமாலியப் பெண்ணின் கட்டத்தில். நான் மட்டுமல்ல, எனக்கு முன்பு அந்தப் பெண்ணுக்குப் பாடம் எடுத்தவர்களும் ‘பேசமாட்டார்’ என்று குறித்திருந்த ஆள். அவர் எங்களோடு பேசவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவருக்கு நான் சொன்ன ஒவ்வொன்றையும் சோமாலியில் விளக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

“இவருடைய இலக்குத் தாளில் என்ன எழுதியிருக்கிறது?” என்று மேற்பார்வை அம்மா கேட்டார். ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனி இலக்குத் தாள் உண்டு. பாதி நாள் அது கோப்புக்குத்தான் போகும். எடுத்துப் பார்த்தோம்: மகன் துணையில்லாமல் டாக்டர் கிளினிக்குக்குப் போன் செய்ய வேண்டும். அப்போது இங்கே பல இடங்களில் டாக்டரைப் பார்க்கக் காலை 8 மணிக்குப் போன் அடித்து வரிசையில் நிற்க வேண்டியிருந்தது, மகன் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். சரி என்று அடுத்த வாரம் எல்லாரையும் இரண்டிரண்டு பேராக முதுகுக்கு முதுகு உட்கார வைத்தேன். போனில் முகம் தெரியாதே. ஒருவர் ரிசெப்ஷன், ஒருவர் நோயாளி. அந்தப் பெண் ரிசெப்ஷனாக நடித்தபோது “நோ அப்பாயின்ட்மென்ட் டுடே, கால் டுமாரோ” என்று அச்சு அசலாக அந்தக் குரலிலேயே சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தார்.

கல்குவாரிப் பக்கத்துக்காரன்:

லண்டன்வாசி அம்மா, உங்களுக்கு 100 மணி நேரம். எங்களுக்குச் சில நாள் முகாம்தான். 1991, பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த புதுக்கோட்டை அறிவொளி இயக்கம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். முதன்மைக் கருத்தாளர், அவருக்குக் கீழே கருத்தாளர், அவருக்குக் கீழே எங்களைப் போன்ற தொண்டர்கள். சம்பளம் கிடையாது. பயிற்சியில் பாதி பாட்டும் வீதி நாடகமும். இதெல்லாம் பயிற்சியா என்று வீட்டில் கேட்டார்கள். ஊருக்குள் போய் நின்றபோதுதான் தெரிந்தது, அந்தப் பாட்டு இல்லாமல் ஒரு ஆளைத் திண்ணைக்கு வரவழைக்க முடியாது.

பாடப்புத்தகம் அ, ஆ என்று தொடங்காது. ப, ட என்று எழுத எளிதான எழுத்துகள் முதலில். அதை வைத்தே சொற்கள். மூன்று புத்தகம், 200 மணி நேரம் என்பது அப்போது நாடு முழுக்க இருந்த கணக்கு. நன்றாக யோசித்துச் செய்த முறைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் என் வகுப்புக்கு வந்த ஒரு அக்கா, குவாரியில் கல் உடைப்பவர், முதல் நாளே கேட்டுவிட்டார்: “தம்பி, இதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எம் பேரு எங்க இருக்கு?” அவர் பெயரில் உள்ள எழுத்துகள் புத்தகத்தில் ரொம்பப் பின்னால்தான் வரும். பேங்கில் கைநாட்டு வைக்கும்போது கிளார்க் அவர் விரலைப் பிடித்து மையில் அழுத்துவாராம். அந்தப் பிடிதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

கருத்தாளரிடம் போய்க் கேட்டேன். அவர் பள்ளி வாத்தியார், நடுத்தர வயது. “பேர எழுதச் சொல்லிக்குடுப்பா. பொஸ்தகம் எங்க ஓடிப்போகுது” என்றார். அவர் சொன்ன இன்னொன்று, எவருடைய சிலேட்டையும் நின்றுகொண்டு பார்க்காதே என்பது. உட்கார்ந்து பார். இருபது வயதுப் பையன் தலைக்கு மேல் நின்று எட்டிப் பார்த்தால், நாற்பது வயதுக்காரர் சிலேட்டைக் கவிழ்த்து மூடுவார். நான் கண்ணால் கண்டது இது. குச்சியை உளி பிடிப்பதுபோல் பிடித்து அழுத்துவார்கள், படக் படக்கென்று உடையும். உடைந்ததும் முதலில் நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

அக்கா பெயர் எழுதிவிட்டு இரண்டு வாரம் வரவில்லை. போயாச்சு என்று நினைத்தோம். சைக்கிள் பழகப் போயிருக்கிறார்! அந்த வருடம் பெண்கள் சைக்கிள் கற்பதும் இயக்கத்தின் வேலையில் ஒன்று. திரும்பி வந்து, ‘ப’வில் இருந்து ஒழுங்காக ஆரம்பித்தார்.

ராவுகிற ஆள்:

ஐ.டி.ஐ. பயிற்றுநர் எழுதலாமா? எங்களையும் யாரும் ஆசிரியர் கணக்கில் சேர்ப்பதில்லை.

அம்பத்தூரில் பிட்டராக இருந்துவிட்டு, கிண்டியில் ஒரு வருட சி.ஐ.டி.எஸ். முடித்தேன். கைத்தொழில் பயிற்றுநர்களுக்கான பயிற்சி அது. ‘அரம் பிடிக்கத் தெரிந்தவனுக்கு அரம் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதா’ என்று கம்பெனியில் கிண்டல் அடித்தார்கள். தெரியாது. அதுதான் விஷயம். பயிற்சியில் ஒரு சார், வழவழவென்று ராவிக் காட்டிய எங்கள் எல்லாரையும் பார்த்துக் கேட்டார்: “இப்ப உன் இடது கை என்ன பண்ணுச்சு?” ஒருத்தனாலும் சொல்ல முடியவில்லை. மறுபடி மெதுவாக ராவச் சொன்னார். அரம் முன்னே போகத் தொடங்கும்போது முனையில் இருக்கும் இடது கையில் அழுத்தம் அதிகம். நடுவில் இரண்டும் சமம். முடியும்போது வலது கைக்கு மாறிவிடும். மாறாவிட்டால் பரப்பு நடுவில் மேடாகி ஓரம் சரிந்துவிடும். டிரை ஸ்கொயரை (செங்கோணம் பார்க்கும் கருவி) வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் வெளிச்சம் கசியும். வருடக்கணக்காக என் கை செய்துவந்த வேலை எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

தயார்ப்படுத்து, செய்து காட்டு, செய்ய வை, சோதித்துப் பார் என்று நான்கு படி வைத்து ஒவ்வொரு வேலைக்கும் பாடக்குறிப்பு எழுத வேண்டும். எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிடும். ஆனால் இப்போது மாலை வகுப்புக்கு ஐம்பதை நெருங்கியவர்கள் வருகிறார்கள், பட்டறையில் கையால் பழகியவர்கள். அவர்களிடம் ‘தப்பு’ என்றால் மறுநாள் ஆள் இருக்காது. ‘இடது கையைக் கவனிங்கண்ணே’ என்றால் இருப்பார்.

மாலை வகுப்பு:

எல்லாரும் நல்ல பயிற்சியாகவே சொல்கிறீர்கள். நான் இப்போதைய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலர். 2022-ல் தொடங்கிய திட்டம். 15 வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாத யாரும் சேரலாம். மதிப்பூதியம் இல்லை, அது தெரிந்துதான் வந்தேன். என் புகார் பயிற்சி பற்றி. எங்களுக்கு நடந்தது பெரும்பாலும் பதிவேடு எப்படி நிரப்புவது, ஆப்பில் விவரம் எப்படி ஏற்றுவது என்பதுதான். ஒரு பாட்டி எதிரே உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று யாரும் சொல்லவில்லை. குவாரிப் பக்கத்துக்காரர் சொன்ன ‘உட்கார்ந்து பார்’ என்ற ஒரு வரி கிடைத்திருந்தால் போதும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு பாட்டியின் போன். பேரன் எல்லா எண்களையும் படம் வைத்துப் பதிந்து கொடுத்திருந்தான். பால் சொசைட்டிக்கு மாடு, மகளுக்குப் பூ, மருமகனுக்குப் புலி (ஏன் என்று கேட்கவில்லை). படம் இல்லாத எண் வந்தால் எடுக்கவே மாட்டார். பேங்கிலிருந்து வரும் மெசேஜ் எல்லாம் அப்படியே கிடந்தன. எங்கள் பாடமே அதற்குப் பிறகு அந்த போன்தான். மாட்டுப் படத்துக்குப் பக்கத்தில் ‘பால்’ என்று சேர்த்தோம். கொஞ்ச நாளில் படத்தை எடுத்துவிடச் சொன்னார். புலியை மட்டும் வைத்துக்கொண்டார்.

ராவுகிற ஆள்:

புலி 😂 அந்த மருமகனைப் பார்க்க வேண்டும்.

லெஸ்டர் கணக்கு:

நல்ல இழை. ஒரு சந்தேகம். நான் லெஸ்டரில் இன்ஜினியர். வேலையைக் குறைத்துக்கொண்டு ஃபர்தர் எஜுகேஷனில் கணக்கு எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். பின்னால் பள்ளிக்கு மாற முடியுமா? அப்புறம் அந்த 15 நிமிடப் பாடத்துக்கு இடியாப்பம் பிழியச் சொல்லிக்கொடுக்கலாம் என்று என் மனைவி சொல்கிறாள். எடுபடுமா?

கிழக்கு லண்டன்வாசி:

கணக்குக்கு எப்போதும் ஆள் தேவை. ஜி.சி.எஸ்.இ.யில் (இங்கே 16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) ஆங்கிலத்திலோ கணக்கிலோ கிரேடு 4 வாங்காமல் வரும் 16 முதல் 18 வயதுப் பிள்ளைகள் அந்தப் பாடத்தைத் தொடர்ந்து படித்தாக வேண்டும், இல்லையென்றால் கல்லூரிக்கு நிதி வராது. ஆக உங்கள் முதல் வகுப்பில் பெரியவர்கள் இருக்கமாட்டார்கள். ‘எனக்குக் கணக்கு வராது’ என்று முடிவுகட்டிய பதினேழு வயதுக்காரர்கள்தான். மாலை வகுப்பு கேட்டு வாங்குங்கள், அங்கேதான் வேறு மாதிரி ஆட்கள் வருவார்கள். மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க வரும் டிரைவர், நர்சிங் சேரக் கணக்கு வேண்டும் என்று வரும் அம்மா.

பள்ளிக்கு மாறலாம். டிப்ளமோவுக்குப் பிறகு க்யூ.டி.எல்.எஸ். என்ற தகுதி இருக்கிறது. 2012 முதல் இங்கிலாந்துப் பள்ளிகளில் அதற்கும் ஆசிரியர் தகுதிக்குச் சமமான மதிப்பு உண்டு. நடைமுறையில் அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் ஏதாவது கல்லூரிக்கு எழுதி, ஒரு மாலை வகுப்பில் பின்னால் உட்கார அனுமதி கேளுங்கள். சில இடங்களில் பதிலே வராது, இரண்டு மூன்று இடத்துக்கு எழுதுங்கள்.

இடியாப்பம் வேண்டாம். அடுப்பு இருக்காது, இருந்தாலும் பாதுகாப்புப் படிவம் நிரப்பியே பாதி உயிர் போய்விடும், மாவு பிசைந்து, பிழிந்து, வேக வைக்கப் பதினைந்து நிமிடம் காணாது. புள்ளி வைத்துப் போடும் சிக்குக்கோலம் எடுங்கள். ஆளுக்கொரு தாளும் பேனாவும் போதும். சின்னதாகப் புள்ளி வைத்து, கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் முடிய வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, குழாய்க்காரர் மாதிரி வாயை மூடிக்கொள்ளுங்கள். நீங்கள் கணக்குக்காரர், அதற்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை. மனைவியிடம் முதலில் பழகிக்கொள்ளுங்கள், அவருக்கு நிச்சயம் உங்களைவிட நன்றாக வரும்.