மறுமொழி: பிரெஞ்சுக் குடும்பப்பெயர்களின் வகைகளுக்குக் கலைச்சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

குடும்பப்பெயர் என்ற சொல்லில் நமக்குள் வேறுபாடு இல்லை. பெயரின் கடைசியில் வருவது என்ற பொருளில் அதற்கு மாற்றாகச் சொல்லப்பட்ட 'கடைப்பெயர்' என்பதை ஏற்க இயலாது. ஏனெனில் அங்கேரியர் குடும்பப்பெயரை இயற்பெயருக்கு முன்னால் எழுதுகின்றனர். எனது தடை, முன்னோரின் தொழில், வாழிடம், பண்பு ஆகியவற்றிலிருந்து வந்த அதன் உட்பிரிவுகளுக்கு முன்மொழியப்பட்ட தொழிற்பெயர், இடப்பெயர், பண்புப்பெயர் ஆகியவற்றைப் பற்றியது. தொழிற்பெயர் என்றவுடன் 'நடத்தல்', 'படித்தல்' என்பனவே இலக்கணம் கற்றவர் நினைவுக்கு வரும். நன்னூல் எடுத்துக்கொண்ட சொற்களை மீண்டும் வேறு பொருளில் கையாள்வது குழப்பத்தை விலைகொடுத்து வாங்குவதாகும்.

ஆகவே, 'வழி' சேர்த்துத் தொழில்வழிப்பெயர், இடவழிப்பெயர், பண்புவழிப்பெயர் என்று வழங்கலாம். இது குழப்பத்தைத் தவிர்ப்பதற்கு மட்டுமன்று. 1539இல் மன்னர் முதலாம் பிரான்சுவா திருமுழுக்குப் பதிவேடுகளைக் கட்டாயமாக்கியதும், 1794ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயர் தரிக்கக் கூடாது என்று விதித்ததும், என்றோ ஒருவருக்கு ஊரார் இட்ட அடையாளத்தை அவர் கொடிவழியினர்மேல் நிலைபெறச் செய்தன. இன்றைய பூலான்ஜே ரொட்டி சுடுபவராகவோ, துபுவா காட்டோரம் வாழ்பவராகவோ, பெத்தி குள்ளமானவராகவோ இருக்க வேண்டியதில்லை. பெயர் வந்த வழி மட்டுமே எஞ்சியுள்ளது.

தொழில்வழிப்பெயருக்குக் கொல்லனைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. கொல்லன் என்று பொருள்படும் இலத்தீன் 'ஃபாபெர்' என்பதிலிருந்து பிரான்சின் வடக்கே லெஃபெவ்ர், தெற்கே ஃபாப்ர், ஃபோர் என்பன பிறந்தன. ஆங்கிலத்தின் ஸ்மித், ஜெர்மனின் ஷ்மிட், அங்கேரியின் கோவாச், அரபியின் ஹத்தாத் ஆகிய அனைத்தும் அதே உலைக்களத்தைச் சேர்ந்தவையே. இப்பெயர்களைத் தாங்கியோருக்குள் உறவு ஏதுமில்லை என்பதால் 'குலப்பெயர்' என்ற சொல்லும் பொருந்தாது.

நான்காவது வகையும் உண்டு. பிரான்சில் மிகுதியாக வழங்கும் மார்த்தேன், அதனை அடுத்து வரும் பெர்னார், தோமா, ரொபேர் ஆகியவை முன்னோர் ஒருவரின் இயற்பெயர்கள். மார்த்தேன் பரவியதற்குத் தூர் நகர ஆயரான புனிதர்மீது இருந்த பற்று பெருங்காரணம். இவற்றை 'இயற்பெயர்வழிக் குடும்பப்பெயர்' என்று நீட்டித்தான் சொல்ல வேண்டியுள்ளது. நீளம் குறைவாக, இதே தெளிவுடன் ஒன்று இருந்தால் மகிழ்வேன்.

ஐந்தாவதாக ஒரு வகையும் தேவை. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்படி, புதுச்சேரியில் தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றோர் குடும்பப்பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, 'வாயில்' என்று பொருள்படும் லாபோர்த் என்ற பெயரை ஏற்றார். பிரான்சில் நகரவாயிலருகே குடியிருந்தவரின் மரபில் வந்த லாபோர்த் இடவழிப்பெயர், பொன்னுத்தம்பியினுடையது அவ்வாறன்று. எழுத்து ஒன்றேயாயினும் வழி வேறாகையால் இதனை 'ஏற்புவழிப்பெயர்' எனலாம் என்பது என் முன்மொழிவு.