2 டன் ஏசி அறைக்கு வந்த 10 கிலோவாட் சர்வர்

ஈக்காட்டுத்தாங்கலில் உதிரிபாகங்கள் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் சர்வர் அறை என் பொறுப்பில் இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் தரைத்தளத்தில் புகுந்து 12 சர்வர்களில் பெரும்பாலானவற்றைப் பாழாக்கியதால், அறையை அவசரமாக இரண்டாம் மாடிக்கு மாற்றினோம். அங்கே மாற்றி மாற்றி ஓடும் இரண்டு 2 டன் ஏசிகளும், 10 கேவிஏ யுபிஎஸ் ஒன்றும் உள்ளன.

2019இல் வெளிவந்த ஏஎம்டியின் இரண்டாம் தலைமுறை எபிக் என்ற சர்வர் செயலி ஒரே சிப்பில் 64 கோர்கள் (தனித்தனியாக வேலை செய்யும் கணிப்பு அலகுகள்) வரை தந்ததால், அடுத்த முறை சர்வர் வாங்கியபோது 12 பெட்டிகளின் வேலையை இரண்டே பெட்டிகளில் அடக்கினோம். சர்வர்களை அடுக்கும் ரேக்கில் பாதிக்குமேல் காலியாயிற்று. இனி இந்த அறை பல்லாண்டு தாங்கும் என்று நம்பினேன்.

வார்ப்புப் பாகங்களின் குறைகளைப் படத்திலிருந்தே கண்டறியும் ஏஐ வேண்டும் என்று நிர்வாகம் கேட்டபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. விற்பனையாளர் பரிந்துரைத்தது ஏஐ கணக்குகளை வேகமாகச் செய்யும் ஜிபியு சிப்கள் எட்டு கொண்ட என்விடியா டிஜிஎக்ஸ் எச்100 சர்வர். ரேக்கில் 8 யூ (யூ என்பது ரேக்கின் உயர அலகு) இடம் அதற்குப் போதும். ஆனால் உச்சத்தில் 10.2 கிலோவாட் இழுக்கும். உள்ளே போகும் மின்சாரம் அத்தனையும் வெப்பமாக வெளியேறும் என்பதால், அந்த ஒரு பெட்டியைக் குளிர்விக்கவே ஏறத்தாழ 3 டன் ஏசி தேவை. ஏற்கெனவே அக்னி நட்சத்திர நாட்களில் இரண்டு ஏசிகளையும் சேர்த்தே ஓட்டுகிறோம். எங்கள் எலெக்ட்ரீஷியன் மின்பலகையைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், சாங்க்ஷன் லோடே முட்டிக்கிட்டு நிக்குது, இதுக்குத் தனி லைன் இழுக்கணும்" என்றார். எங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமையின் எல்லையை ஏற்கெனவே தொட்டுவிட்டோம் என்பதே அதன் பொருள். விற்பனையாளரின் விலைப்பட்டியலில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது.

இறுதியில், மாடலுக்குப் பயிற்சி தரும் வேலையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த ஜிபியுக்களில் முடித்துக்கொண்டு, பயிற்சி பெற்ற மாடலை இயக்க மட்டும் தலா 72 வாட் இழுக்கும் என்விடியா எல்4 ஜிபியு அட்டைகள் இரண்டைப் பழைய சர்வரிலேயே பொருத்தினோம். 72 ஜிபியுக்களை ஒரே ரேக்கில் அடுக்கித் திரவத்தால் குளிர்விக்கும் என்விடியாவின் ஜிபி200 என்விஎல்72 சுமார் 120 கிலோவாட் கேட்கிறது; சந்தை அந்தத் திசையில் போனாலும், எங்களைப் போன்றோர் வாங்க வேண்டியது அதுவன்று என்பதே என் உறுதியான கருத்து. இப்போது எந்த விற்பனையாளர் வந்தாலும், கோர் எண்ணிக்கைக்கு முன்பாக உச்ச மின்சுமையை எழுத்தில் தரும்படி கேட்கிறேன்.