மின்னஞ்சல் செயலிகளின் சந்தா: முழு விலையை முன்கூட்டியே அறிய வழி உண்டா?

கேள்வி:
கைப்பேசிக்கு ஒரு மின்னஞ்சல் செயலி தேடிக்கொண்டிருக்கிறேன். செயலிக் கடையில் "இலவசம்" என்று போட்டிருப்பதை நம்பி நிறுவினால், கணக்கை இணைத்து, அஞ்சல்களைப் படிக்க அனுமதியும் கொடுத்த பிறகே கட்டணத் திரை வருகிறது. "7 நாள் இலவசம்" என்பது அதில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஓராண்டுக்குச் சேர்த்துப் பிடிக்கப்போகும் தொகையோ பொத்தானுக்குக் கீழே சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. நிறுவும் முன்பே முழு விலையை எங்கே பார்ப்பது? அஞ்சல்களைச் சேமித்து வைப்பது ஜிமெயில் போன்ற சேவைதான் எனும்போது, அவற்றை எடுத்துக் காட்டும் செயலிக்கு மாதாமாதம் எதற்குப் பணம் என்பதும் புரியவில்லை.

மறுமொழி 1:
ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் செயலியின் பக்கத்தைக் கீழே வரை நகர்த்தினால், "இன்-ஆப் பர்ச்சேஸ்" என்ற பகுதியில் திட்டங்களின் பெயரும் தொகையும் இருக்கும். ஆனால் "பிரீமியம்" என்று மட்டும் பெயர் வைத்திருந்தால் அது மாதத்துக்கா ஆண்டுக்கா என்பதை நாமே ஊகிக்க வேண்டியதுதான். கூகுள் பிளேயில் குறைந்த விலை முதல் அதிக விலை வரையிலான வரம்பு மட்டுமே கிடைக்கும். எனவே செயலி நிறுவனத்தின் இணையதளத்தில் விலைப் பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; அது இல்லாத செயலியை நான் நிறுவுவதே இல்லை.

நீங்கள் சொல்லும் கட்டணத் திரை ஆப்பிளின் விதிக்கே முரணானது. உண்மையில் பிடிக்கப்படும் தொகைதான் திரையில் விலை பற்றிய மற்ற எல்லா விவரங்களையும்விட எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று அந்நிறுவனம் செயலி உருவாக்குநர்களுக்கு அறிவுறுத்துகிறது. இலவசக் காலத்தில் செயலியை நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்; கடைக் கணக்கின் சந்தாப் பகுதிக்குப் போய், ஆப்பிளில் அந்தக் காலம் முடிய குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக, ரத்து செய்ய வேண்டும்.

மறுமொழி 2:
உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஐபோனில் ஒரு செயலி பின்னணியில் ஓயாமல் இயங்கி, அஞ்சல் சேவையகத்துடன் ஐமேப் (அஞ்சல்களைச் சேவையகத்திலிருந்து எடுத்துக் காட்டும் நெறிமுறை) இணைப்பைத் திறந்தே வைத்திருக்க முடியாது. ஆகவே புதிய அஞ்சல் வந்த கணமே அறிவிப்பு வர வேண்டுமானால், செயலி நிறுவனம் தன் சேவையகத்தை உங்கள் கணக்குடன் இணைத்து வைத்து, அங்கிருந்து ஆப்பிள் வழியாக அறிவிப்பை அனுப்புகிறது. நீங்கள் பயன்படுத்தும் வரை அந்தச் செலவும் ஓடிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, ஜிமெயில் தரவைத் தன் சேவையகத்தில் கையாளும் செயலிகள் ஆண்டுதோறும் பாதுகாப்புத் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்று கூகுள் 2018-இல் அறிவித்தபோது, அதற்கு 15,000 முதல் 75,000 டாலர் வரை ஆகலாம் என்றும் சொன்னது. கடைகளின் கமிஷன் வேறு.

ஆண்ட்ராய்டில் செயலியே நேரடியாக அந்த இணைப்பைப் பிடித்துக்கொள்ள முடிகிறது. அதனால்தான் ஃபேர்இமெயில் என்ற அஞ்சல் செயலி ஒரே ஒருமுறை பணம் வாங்கிக்கொண்டு கூடுதல் வசதிகளைத் தர முடிகிறது. 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கு வந்த தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் செயலி நன்கொடையில் இயங்குகிறது.

மறுமொழி 3:
செலவு இருக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் விலையை மறைப்பதற்கு அது காரணமாகாது. அஞ்சல் பெட்டியின் சாவியை வாங்கிக்கொண்ட பிறகு விலை சொல்வது முறையல்ல. அதே சமயம் கடைகளின் விதிகளும் இதில் குற்றமற்றவை அல்ல. 2020 ஜூனில் வெளிவந்த ஹே மின்னஞ்சல் சேவை ஆண்டுக்கு 99 டாலர் என்று தன் தளத்தில் வெளிப்படையாகவே அறிவித்திருந்தது. ஆனால் அன்றைய ஆப்பிள் விதிப்படி, வெளியே பணம் செலுத்தலாம் என்று ஐபோன் செயலிக்குள் வழிகாட்ட அதற்கு அனுமதி இல்லை.

முற்றிலும் இலவசம் என்பதையும் சற்றுச் சந்தேகத்துடனே பாருங்கள். அன்ரோல்.மீ என்ற இலவசச் சேவை, பயனர்களின் அஞ்சல்களிலிருந்து கொள்முதல் ரசீதுகளைத் திரட்டிவந்தது குறித்து அவர்களைத் தவறாக நம்பவைத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2019-இல் குற்றம் சாட்டியது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஏற்கெனவே சந்தாவில் இருப்பவரிடம் கேட்காமலே விலையை உயர்த்த முடியுமா?

மறுமொழி 1:
முடியும். உயர்வு 50 விழுக்காட்டுக்கும், மாதச் சந்தாவானால் 5 டாலருக்கும், ஆண்டுச் சந்தாவானால் 50 டாலருக்கும் மிகாமல், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடந்தால், முன்னறிவிப்பு தந்தாலே போதும் என்று 2022 மே மாதம் ஆப்பிள் விதியைத் தளர்த்தியது. உள்ளூர்ச் சட்டம் அதற்கு இடம்தர வேண்டும் என்பது தனி நிபந்தனை. அந்த முன்னறிவிப்பு மின்னஞ்சலாகவும் வரும் என்பதால், விளம்பர அஞ்சல் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.