தண்ணீரைத் தனியாரிடம் விட்டால் குழாயில் வருமா?

டொங்காட்_அக்கா
நம் தென்னாப்பிரிக்காவின் நீர்ச் சேவைச் சட்டத் திருத்த மசோதா 2023 நவம்பரில் மக்கள் கருத்துக்காக வெளியானது. அதன்படி, வீடுகளுக்குத் தண்ணீர் விநியோகிக்கிற எவரும், முனிசிபாலிட்டியே ஆனாலும், இயக்க உரிமம் வாங்க வேண்டும். தகுதி இல்லையென்றால் வேலை வேறொருவர் கைக்குப் போகும். உரிமம் கேட்பது நல்லதுதான். ஆனால் அந்த வேறொருவர் யார்? போன வாரம் கோயிலில் பேச்சு வந்தபோது பலரும் "தனியாரிடம் விட்டால்தான் உருப்படும்" என்றார்கள். எனக்கு அது சம்மதமில்லை.

இந்த நாட்டில் தண்ணீர் யாருக்கும் சொத்து இல்லை. அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவு போதுமான தண்ணீர் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. 1998-இன் தேசிய நீர்ச் சட்டம் அரசை நீரின் பொது அறங்காவலர் ஆக்கியது. அதற்கு முன்பு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. ஆற்றங்கரை நிலம் யார் பெயரில் இருந்ததோ அவருக்கே ஆற்று நீரில் உரிமை. நிலம் பெரும்பாலும் வெள்ளையர் பெயரில் இருந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கரும்புத் தோட்டத்தில் உழைத்த நம் தாத்தா பாட்டிகளுக்கு ஆறு கண்ணெதிரே ஓடியது, அதில் உரிமை மட்டும் இல்லை. அந்த நிலைமையை மாற்றிய சட்டத்தை, ஸ்டாங்கரில் பிறந்த காதர் அஸ்மல் நீர்வள அமைச்சராக இருந்து கொண்டுவந்தார். அதைக் கைவிட வேண்டுமா?

பாலிட்டோ_கணக்கர்
அக்கா, சட்டத்தை யாரும் கைவிடச் சொல்லவில்லை. ஆறும் அணையும் அரசிடமே இருக்கட்டும். குழாயையும் மீட்டரையும் பம்ப்பையும் தெரிந்தவர் நடத்தட்டும் என்கிறேன். உரிமை காகிதத்தில் இருந்தால் குடிக்க முடியுமா?

2023-இல் அரசே வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். நாடு முழுவதும் நகராட்சிகள் அனுப்புகிற தண்ணீரில் சுமார் 47 சதவீதத்துக்குக் காசு வருவதில்லை. கசிவு, திருட்டு இணைப்பு, ஓடாத மீட்டர், பில்லே போடாத வீடு, எல்லாம் சேர்ந்து அவ்வளவு. டர்பனில் பாதிக்கு மேல். டர்பனுக்கு வடக்கே எங்கள் டால்ஃபின் கோஸ்ட் கடற்கரைப் பக்கம் 1999 முதல் ஒரு தனியார் நிறுவனம் 30 வருட ஒப்பந்தத்தில் நடத்துகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு உங்கள் ஊரில் எத்தனை மாதம் லாரித் தண்ணீர் குடித்தீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

டொங்காட்_அக்கா
தம்பி, அந்த வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் சுத்திகரிப்பு நிலையம் நாசமானது. மாதக்கணக்கில் வாளியோடு வரிசையில் நின்றோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அதைச் சரிசெய்யச் செலவானது பொதுப் பணம்.

உங்கள் ஒப்பந்தத்தின் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். எதிர்பார்த்த அளவுக்கு வீடுகள் கட்டப்படவில்லை என்று 2001-இலேயே அதைத் திருத்தி எழுதினார்கள், கட்டணமும் ஏறியது. நிறுவனத்துக்கு நட்டம் வரும்போது பேச்சுவார்த்தை நடக்கிறது. என் வீட்டில் நட்டம் வந்தால் குழாயை அடைத்துவிட்டுப் போகிறார்கள். அதோடு, கடலோர விடுமுறை வீடுகளுக்குத் தண்ணீர் விற்பது சுலபம். உள்பக்கம் மலைச்சரிவில் இருக்கிற நூறு குடிசைகளுக்கு எந்த நிறுவனம் குழாய் போடும்?

எம்பங்கேனி_நர்ஸம்மா
குறுக்கே பேசுவதற்கு மன்னியுங்கள். 2000 ஆகஸ்டில் எங்கள் பக்கம்தான் காலரா தொடங்கியது. குழாய்த் தண்ணீருக்குக் காசு கட்ட முடியாதவர்கள் ஆற்றுக்கும் குட்டைக்கும் போனார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய், 260-க்கும் மேற்பட்ட சாவு. நான் வார்டில் இருந்தேன். சலைன் பாட்டில் மாட்ட ஆணி போதாமல் ஜன்னல் கம்பியில் கட்டினோம். அடுத்த வருடம் ஜூலையில் ஒரு குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்ற திட்டம் அமலுக்கு வந்தது. பில் வசூலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். காசு கட்டாதவர் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவதில்லை. வேறு தண்ணீரைக் குடிக்கிறார்.

பாலிட்டோ_கணக்கர்
அம்மா, நீங்கள் சொன்னதை மறுக்க என்னிடம் வார்த்தை இல்லை. ஏழைக்கு இலவசம் வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. கட்ட முடிந்தவர்களே கட்டாமல் இருப்பதையும், கட்டின காசு குழாய்க்குப் போகாமல் நகராட்சியின் வேறு செலவில் கரைவதையும்தான் கேட்கிறேன்.

ஜோபர்க்_வாத்தியார்
அக்காவோடு நான் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் "பொது" என்று சொல்லிவிட்டாலே போதும் என்று நினைக்க வேண்டாம். ஜோகன்னஸ்பர்க்கின் சோவெட்டோவில் ஃபிரி என்ற பகுதியில் முன்கட்டண மீட்டர் வைத்தார்கள். இலவச அளவு தீர்ந்ததும் தண்ணீர் தானாக நின்றுவிடும். அங்கே வசித்த மஸிபுகோ என்பவர் பெயரில் நடந்த வழக்கு அதிலிருந்து வந்தது. 2008-இல் உயர் நீதிமன்றம் ஆளுக்கு நாளுக்கு 50 லிட்டர் தரச் சொன்னது. மேல்முறையீட்டில் அது 42 ஆனது. 2009 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் இரண்டையும் தள்ளி, நகராட்சியின் திட்டம் நியாயமானதே, மீட்டரும் சட்டப்படி சரியே என்றது. போதுமான அளவு எத்தனை லிட்டர் என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டது. அந்த மீட்டரை வைத்தது நகராட்சிக்கே சொந்தமான நிறுவனம்.

சாட்ஸ்வர்த்_தம்பி
அந்த 6,000 லிட்டர் எப்படி வந்தது தெரியுமா? ஆளுக்கு 25 லிட்டர், வீட்டுக்கு 8 பேர், ஒரு நாளைக்கு 200, அதை முப்பதால் பெருக்கினார்கள். 200 லிட்டர் தொட்டியை வீட்டு வாசலில் வைத்து நிரப்பும் முறையை டர்பன்தான் முதலில் செய்தது. இப்போது எங்கள் தெருவுக்கு வாருங்கள். முன்வீட்டில் ஒரு குடும்பம், பின்னால் அவுட்பில்டிங்கில் இரண்டு வாடகைக் குடும்பம், எல்லாருக்கும் ஒரே மீட்டர். முன்வீட்டுக்காரர் நகராட்சியின் ஏழைப் பட்டியலில் இல்லையென்றால் பின்னால் இருக்கிறவர்களுக்கு இலவசம் கிடையாது. தனியார் வந்தாலும் இந்த மீட்டர்தானே?

பாலிட்டோ_கணக்கர்
சரியான கேள்வி. ஆளை எண்ணாமல் வீட்டை எண்ணுவது தப்பு. யார் நடத்தினாலும் அதை முதலில் மாற்ற வேண்டும்.

ஆனால் அக்கா, ஒன்றுக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். அதே முனிசிபாலிட்டி, அதே ஆட்கள், அதே கசிவு. தனியார் வேண்டாமென்றால் எதை மாற்றுவீர்கள்?

டொங்காட்_அக்கா
சொல்கிறேன். தண்ணீர்க் காசுக்குத் தனிக் கணக்கு. அதிலிருந்து ஒரு ரேண்ட்கூட வேறு செலவுக்குப் போகக் கூடாது, வருடா வருடம் கணக்கை வெளியிட வேண்டும். கசிவை அடைக்கும் குழு நிரந்தர வேலையில் இருக்க வேண்டும். வெளி ஒப்பந்தக்காரர் வருவதற்குள் எங்கள் தெருவில் குழாய் உடைந்து ஒன்பது நாள் ஓடியது. உரிமம் பறிபோனால் பக்கத்து மாவட்டத்தின் பொது நிறுவனத்துக்கோ, நகராட்சிகளுக்கு மொத்தமாகத் தண்ணீர் விற்கும் அரசு நீர் வாரியத்துக்கோ போகட்டும், லாபத்துக்கு நடத்துகிறவரிடம் வேண்டாம். வாத்தியார் சொன்னதற்கும் பதில் அதிலேயே வரட்டும்: குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய அளவுக்குக் கீழே எந்த மீட்டரும் அடைக்கக் கூடாது என்று உரிமத்திலேயே எழுத வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நாட்டுத் தண்ணீரில் சுமார் 60 சதவீதம் பாசனத்துக்குப் போகிறது. பழைய சட்டத்தில் கிடைத்த உரிமைகளை 1998-க்குப் பிறகும் தொடர விட்டார்கள். அதே சட்டம்தான் யாருக்கும் பங்கு கொடுக்கும் முன்பு மக்களின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் உயிருக்கும் தண்ணீர் ஒதுக்கி வைக்கச் சொல்கிறது. சாட்ஸ்வர்த் வீட்டில் 25 லிட்டரை எண்ணுகிற அரசு இந்த 60 சதவீதத்தையும் அதே கண்டிப்போடு எண்ண வேண்டும்.

பாலிட்டோ_கணக்கர்
தனிக் கணக்குக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். நீர் வாரியம் நடத்தினால் சரியாகிவிடும் என்பதை மட்டும் நம்ப முடியவில்லை. அந்த வாரியத்துக்கே பல நகராட்சிகள் பணம் பாக்கி வைத்திருக்கின்றன.

டொங்காட்_அக்கா
பாக்கி வைத்தது நகராட்சி, குடித்த மக்கள் இல்லை. உங்கள் கணக்கு அனுபவத்தை வைத்துத் தனிக் கணக்கு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் தம்பி. சாட்ஸ்வர்த் தம்பியின் தெருவில் ஒரு மீட்டருக்கு எத்தனை பேர் என்று நாம் எண்ணுவோம். ஞாயிறு பூஜை முடிந்ததும் கோயில் ஹாலில் உட்காரலாம். நர்ஸம்மாவும் வர முடிந்தால் வாங்க.