அவசரக் கருத்தடை மாத்திரை கேட்கப் போனபோது உங்களுக்குக் கிடைத்த பதில் என்ன?

வானம்பாடி:
ஆணுறை கிழிந்த மறுநாள் காலை மருந்துக் கடைக்குப் போனேன். "கருவைக் கலைக்கிற மாத்திரையெல்லாம் இங்கே கிடையாது" என்று கடைக்காரர் உரக்கச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் என் முகத்தைப் பார்க்க எட்டிப் பார்த்தார்கள். நான் கேட்டது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம். அது சினைமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடும். கரு ஏற்கெனவே தங்கியிருந்தால் அதை ஒன்றும் செய்யாது. கலைப்பதற்குத் தருகிற மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் வேறு மருந்துகள். இதெல்லாம் படித்திருந்தும் அந்த நேரத்தில் வாய் திறக்கவில்லை.

அடுத்து ஒரு மருத்துவமனை. வரவேற்பில் முதல் கேள்வியே "கணவர் வந்திருக்கிறாரா?" மருத்துவரோ, "72 மணி நேரம் இருக்கிறதே, நாளைக்கு வாருங்கள்" என்றார். நேரம் போகப் போக மாத்திரையின் பலன் குறையும் என்பதை அவர் அறியாதவரா, அக்கறையில்லாதவரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மாத்திரை என் கைக்கு வந்தபோது ஏறக்குறைய 40 மணி நேரம் கடந்திருந்தது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

மாத்திரைப்பெட்டி:
நான் மருந்துக் கடையில் கவுண்டருக்கு உள்பக்கம் நிற்பவன். திட்டுவதென்றால் திட்டுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த மாத்திரை கேட்டு வருகிற பெண்களிடம் "அடிக்கடி சாப்பிட்டால் பிறகு குழந்தையே தங்காது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். கடையில் எனக்கு மூத்தவர் சொன்னதை நான் சொன்னேன். அவருக்கு யார் சொன்னார்களோ! பிற்காலக் கருத்தரிப்பை அது கெடுப்பதில்லை என்று பின்னாளில்தான் படித்தேன்.

ஒருநாள் ஒரு பெண், "வலிப்புக்குக் கார்பமசெபைன் சாப்பிடுகிறேன், இது வேலை செய்யுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. புரட்டிப் பார்த்தால், அந்த வகை மருந்துகள் லெவோநார்ஜெஸ்ட்ரலின் அளவை உடலில் குறைத்துவிடுமாம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் அப்படித்தான். அவர்களுக்குக் கருப்பைக்குள் பொருத்தும் காப்பர் டி என்கிற கருத்தடைச் சாதனம் நல்லது. முடியாவிட்டால் மாத்திரையை இரட்டிப்பாக, 3 மில்லிகிராம் தர வேண்டும். அத்தனை நாளும் வருகிறவர்களுக்குப் புத்தி சொன்னேனே தவிர, "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று ஒருவரிடம்கூடக் கேட்டதில்லை.

இரவுப்பணி:
செவிலியாக இருக்கிறேன். அவசரக் கருத்தடை என்றாலே எல்லோருக்கும் மாத்திரைதான் நினைவு வருகிறது. உறவுக்குப் பின் 5 நாட்களுக்குள் பொருத்தப்படும் காப்பர் டிதான் இருப்பவற்றில் மிக நம்பகமானது, அதை யாரும் வாய் தவறிக்கூடச் சொல்வதில்லை. நானே எடுத்துச் சொன்னபோது, "குழந்தை பெறாத பெண்ணுக்கா?" என்று மூத்த மருத்துவர் ஒருவர் சிரித்தார். பிள்ளை பெறாதவர்களுக்கும் பொருத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அதைக் காட்ட எனக்குத் துணிவு வர இன்னும் ஓராண்டு ஆனது.

மழைத்துளி:
எனக்கு வாய்த்தவர் நல்லவர். கதவைச் சாத்தினார். எத்தனை மணி நேரம் ஆயிற்று, கடைசி மாதவிடாய் எப்போது, வேறு மருந்து உண்டா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கள் விருப்பத்தோடுதான் நடந்ததா அம்மா?" என்றார். அதுவரை அழாமல் இருந்தவள் அப்போது அழுதுவிட்டேன். மாத்திரையை அங்கேயே விழுங்கச் சொன்னார். மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும், மூன்று வாரத்தில் தீட்டு வராவிட்டால் பரிசோதிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வானம்பாடி:
கணவரைப் பற்றிக் கேட்கவே இல்லையா?

மழைத்துளி:
இல்லை. வீட்டுக்குத் தனியாகப் போக முடியுமா என்றுதான் கேட்டார்.